இணையவழிப் பொது உயர்நிலைப் பள்ளி: தேர்ச்சி விகிதம் பள்ளியைக் காட்டுகிறதா, அங்கே வந்து சேரும் மாணவர்களைக் காட்டுகிறதா?

அல்லி (பென்சில்வேனியா) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் வரும் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்கிறாள். கடந்த ஓராண்டாக அவளுக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி இருக்கிறது. காலையில்தான் அது மிகுதியாக வருவதால் முதல் இரண்டு பாடவேளைகள் அடிக்கடி தவறிப்போகின்றன. மாநிலத்தில் செயல்படும் சைபர் சார்ட்டர் பள்ளிகளில் (தனி நிர்வாகத்தின்கீழ் முழுவதும் இணையவழியில் நடக்கும் பள்ளிகள்) ஒன்றில் அவளைச் சேர்க்கலாமா என்று நானும் கணவரும் யோசித்து வருகிறோம். அது அரசு நிதியில் நடக்கும் பொதுப் பள்ளி என்பதால் கட்டணம் கிடையாது. கணினியையும் பாடப் பொருள்களையும் அவர்களே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆனால் மாநிலக் கல்வித் துறையின் ஃபியூச்சர் ரெடி பிஏ இண்டெக்ஸ் தளத்தில் அந்தப் பள்ளியின் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது மனம் கலங்கிவிட்டது. கீஸ்டோன் என்னும் மாநிலத் தேர்வில், இயற்கணிதத்தில் தேர்ச்சி பெற்றவர்களின் பங்கு எங்கள் ஊர்ப் பள்ளியோடு ஒப்பிட முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடிப்போரின் விகிதமும் அப்படியே. பள்ளியின் தகவல் அலுவலரிடம் கேட்டதற்கு, தங்களிடம் வந்து சேரும் மாணவர்கள் ஏற்கெனவே பின்தங்கியவர்கள் என்றும், அந்த எண்களை வைத்துப் பள்ளியை எடைபோடக் கூடாது என்றும் பதில் சொன்னார். அது உண்மையான விளக்கமா, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சா என்பதை என்னால் பிரித்தறிய முடியவில்லை. இந்தத் துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாறன் (பிட்ஸ்பர்க்) எழுதியது:

சகோதரி, அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை அன்று. நான் கல்விப் புள்ளிவிவரத் துறையில் வேலை செய்பவன் என்பதால், முதலில் நீங்கள் பார்த்த அந்த நிறைவு விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2008-இல் கூட்டாட்சிக் கல்வித் துறை கொண்டுவந்த விதியின்படி, 2010–11 கல்வியாண்டு முதல் மாநிலங்கள் ஒரே முறையில் இந்த விகிதத்தை வெளியிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் முதன்முறையாகச் சேரும் மாணவர்களை ஓர் ஆண்டுத் தொகுதியாகக் கொள்கிறார்கள். இடையில் வந்து சேர்பவர்கள் அந்தத் தொகுதியில் சேர்க்கப்படுகிறார்கள். வேறு பள்ளிக்குப் போனதற்கு ஆவணம் இருப்பவர்கள் நீக்கப்படுகிறார்கள். ஆவணம் இல்லாமல் காணாமற்போனவர்கள் தொகுதியிலேயே நின்று, படிப்பை முடிக்காதவர்களாக எண்ணப்படுகிறார்கள். பதினோராம் வகுப்பில், தேவையான கிரெடிட்டுகளில் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் அலகுகள்) பாதிகூட இல்லாமல் வரும் மாணவர் உரிய காலத்தில் முடிக்காவிட்டால், அந்தக் குறை அவரை முதல் இரண்டு ஆண்டுகள் படிக்கவைத்த பள்ளியின் கணக்கில் விழாது. கடைசியாகச் சேர்த்துக்கொண்ட பள்ளியின் கணக்கில்தான் விழும்.

கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் இணையவழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்ந்து தொடர்பவர்கள் 40 பேர். அவர்களில் 34 பேர் நான்கு ஆண்டுகளில் முடிக்கிறார்கள் என்றால் விகிதம் 85 விழுக்காடு. அதே தொகுதியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் கிரெடிட் குறைவோடு 100 பேர் வந்து சேர்கிறார்கள். அவர்களில் 36 பேர் மட்டுமே முடிக்கிறார்கள். மொத்தம் 140 பேரில் 70 பேர், அதாவது 50 விழுக்காடு. தளத்தில் தெரிவது இந்த 50 மட்டுமே. உங்கள் மகள் சேரப்போவதோ அந்த நாற்பது பேர் கொண்ட கூட்டத்தில். இதற்கு மறுபக்கமும் உண்டு: அந்த 100 பேரை அனுப்பிவைத்த வழக்கமான பள்ளிகளின் விகிதம் அவர்கள் வெளியேறியதாலேயே உயர்ந்துவிடுகிறது. ஆகவே இரு பள்ளிகளின் நிறைவு விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இரு புறமும் பிழையான தராசில் நிறுப்பதாகும்.

மாணவர் பின்னணியைக் காட்டும் எண்களிலும் இதே சிக்கல் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் வறுமையின் அளவுகோலாக நெடுங்காலம் பயன்பட்டு வந்தது இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்கான தகுதி. குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவசம். 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் குறைந்த விலை. உணவே பரிமாறாத பள்ளிக்கு அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்ப ஒரு குடும்பத்துக்கு என்ன தேவை இருக்கிறது? உணவு உதவித் திட்டப் பட்டியலோடு நேரடியாக ஒத்துப்பார்த்துத் தகுதியை உறுதிசெய்யும் முறை இதை ஓரளவு சரிசெய்கிறதே தவிர, முற்றிலும் சரிசெய்வதில்லை. எனவே இணையவழிப் பள்ளியில் ஏழை மாணவர் பங்கு குறைவு என்று ஓர் அறிக்கை சொன்னால், அந்த மாநிலம் வறுமையை எப்படி எண்ணியது என்பதைக் கேட்காமல் நான் நம்புவதில்லை.

நெய்தல் எழுதியது:

நான் வேறொரு மாநிலத்தில் முழுநேர இணையவழிப் பொதுப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். மாறன் எண்களில் சொன்னதை நான் முகங்களில் பார்க்கிறேன்.

என் வகுப்பில் ஒரே நேரத்தில் மிக வேறுபட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். முதலாம் வகுப்பிலிருந்தே வீட்டில் தாய் தந்தையரிடம் படித்து, உயர்நிலைப் பாடங்களுக்காக மட்டும் எங்களிடம் வந்தவர்கள் ஒரு சாரார். நாள்தோறும் பல மணி நேரம் பனிச்சறுக்கு அல்லது நடனப் பயிற்சியில் இருப்பவர்கள் மிகச் சிலர். விளம்பரங்களில் அவர்கள்தாம் அதிகம் தோன்றுகிறார்கள். நோயால் பள்ளிக்குப் போக முடியாதவர்கள், சக மாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள், கூட்டத்தைக் கண்டால் பதற்றம் கொள்பவர்கள் கணிசமானோர். கைக்குழந்தையோடு படிக்கும் தாய்மாரும், பகலில் வேலைக்குப் போகும் பதினேழு வயதினரும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரையும்விட எண்ணிக்கையில் பெருகிக்கொண்டே இருப்பவர்கள், முந்தைய பள்ளியில் தோற்று, அங்கிருந்து வெளியேறும் வழி தேடி, ஆண்டின் நடுவில் வந்து சேர்பவர்கள். செப்டம்பரில் என் பட்டியலில் இருந்த பெயர்களும் ஏப்ரலில் இருக்கும் பெயர்களும் ஒன்றல்ல. ஒருவர் பின்னங்களில் தடுமாறும் நிலையில் ஜனவரியில் வந்து, மே மாதம் இயற்கணிதத் தேர்வு எழுதினால், அவருடைய மதிப்பெண் என் கற்பித்தலைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம்.

ஆயினும் இதைச் சொல்லிவிட்டு நான் பள்ளிகளை விடுவிக்க விரும்பவில்லை. எங்கள் நேரலை வகுப்புகளில் பாதிப் பேர் கலந்துகொண்டால் அது நல்ல நாள். கேமராவை அணைத்துவிட்டு, பெயர் மட்டும் திரையில் நிற்க, கேள்வி கேட்டால் பதில் வராத மாணவர்கள் எத்தனையோ பேர். பதிவு செய்த பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி, பின்தங்கிய மாணவருக்குப் பெரும்பாலும் பார்க்காமலே விட்டுவிடும் வசதியாக முடிகிறது. வழக்கமான பள்ளியில் ஒரு மாணவன் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் அருகில் சென்று நிற்பார். எனக்கு அந்த ஒரு வழி இல்லை. தொலைபேசியில் அழைக்கலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், பெற்றோரைத் தேடலாம். பல வீடுகளில் பகல் நேரத்தில் பெரியவர் எவரும் இருப்பதில்லை.

கொலம்பஸ்வாசி எழுதியது:

ஒஹாயோவில் வாழ்பவர்களுக்கு இந்த விவாதம் பழகிய ஒன்று. 2000-இல் தொடங்கிய எலெக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ என்னும் பள்ளி ஒரு காலத்தில் நாட்டின் மிகப்பெரிய இணையவழிப் பள்ளிகளில் ஒன்றாக இருந்தது. நான்கு ஆண்டுகளில் படிப்பை முடிக்காதவர்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் அதற்குத்தான் என்று 2016-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தப் பள்ளியும் இதே விளக்கத்தைத்தான் சொல்லி வந்தது: எங்களிடம் வருபவர்கள் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள், பின்தங்கியவர்கள் என்று.

பிறகு மாநிலக் கல்வித் துறை வருகைப் பதிவைச் சோதித்தது. ஒஹாயோ சட்டப்படி ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 920 மணி நேரக் கல்வி வாய்ப்பு தரப்பட வேண்டும். 15,000-க்கும் மேற்பட்ட முழுநேர மாணவர்களுக்கு நிதி பெற்ற அந்தப் பள்ளியில், ஆவணங்களால் உறுதிசெய்ய முடிந்தது சுமார் 6,300 மாணவர்களுக்கு இணையான கல்வி நேரம் மட்டுமே. 2015–16 ஆம் ஆண்டுக்கு மட்டும் சுமார் 6 கோடி டாலரைத் திருப்பிச் செலுத்தும்படி மாநிலம் கேட்டது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவிலேயே பள்ளி மூடப்பட்டு, ஏறத்தாழ 12,000 மாணவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றமும் கல்வித் துறையின் கணக்கீட்டு முறையை ஏற்றது.

இதை நான் சொல்வது எல்லா இணையவழிப் பள்ளிகளும் அப்படி என்பதற்காக அன்று. மாணவர் பின்னணி என்ற விளக்கத்துக்குப் பின்னால், மாணவர் அங்கே இருந்தாரா என்ற அடிப்படைக் கேள்வியே மறைந்துபோக முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். உள்ளே வராத மாணவனின் தோல்விக்கு அவனுடைய வறுமையைக் காரணம் காட்டுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

பின்னணியைப் பற்றி இன்னும் ஒன்று. ஒஹாயோவின் தரவை ஆராய்ந்து ஜூன் ஆன், ஆண்ட்ரூ மெக்கீச்சின் இருவரும் 2017-இல் வெளியிட்ட கட்டுரை, தாழ்ந்த வருமானமும் தாழ்ந்த மதிப்பெண்ணும் உள்ள வெள்ளையின மாணவர்கள் இணையவழிப் பள்ளிகளை நோக்கியும், அதே நிலையில் உள்ள சிறுபான்மை இன மாணவர்கள் நேரடி சார்ட்டர் பள்ளிகளை நோக்கியும் செல்கிறார்கள் என்று காட்டியது. நகரத்தில் நேரடி சார்ட்டர் பள்ளிகள் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. கிராமப்புற ஒஹாயோவில் வேறு தெரிவு என்றால் இணையம் ஒன்றுதான் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே ஓர் இணையவழிப் பள்ளியில் வெள்ளையின மாணவர்கள் மிகுதி என்பதைப் பார்த்து அது வசதி படைத்தோர் பள்ளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அல்லி எழுதியது:

மிக்க நன்றி. இப்போது எனக்கு ஒரே கேள்வி எஞ்சி நிற்கிறது. முன்பே பின்தங்கியிருந்தார்கள், ஏழைகள், அடிக்கடி பள்ளி மாறியவர்கள் என்பவற்றையெல்லாம் கழித்துவிட்டு, ஒரே மாதிரியான இரு மாணவர்களில் ஒருவரை இங்கும் மற்றவரை அங்கும் வைத்துப் பார்த்தால், வேறுபாடு மறைந்துவிடுகிறதா?

மாறன் எழுதியது:

மறையவில்லை. இதைத்தான் நான் முதல் பதிவில் முழு உண்மை அன்று என்று குறிப்பிட்டேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2015-இல் இணையவழி சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி நாடளாவிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. ஒவ்வோர் இணையவழி மாணவருக்கும் இணையாக, அதே வகுப்பு, அதே முந்தைய மதிப்பெண், அதே பாலினம், இனம், வறுமை நிலை, ஆங்கில அறிவு நிலை, சிறப்புக் கல்வி நிலை ஆகியவற்றைக் கொண்ட நேரடிப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, இருவரும் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று ஒப்பிட்டார்கள். 180 நாள் கொண்ட கல்வியாண்டில், இணையவழி மாணவர்கள் வாசிப்பில் 72 நாள் கற்றலுக்கு நிகராகவும், கணிதத்தில் 180 நாள் கற்றலுக்கு நிகராகவும் பின்தங்கியிருந்தார்கள். கணிதத்தில் ஓராண்டு முழுவதும் போய்விட்டது என்று பொருள். அதே மையம் 2019-இல் நம் பென்சில்வேனியாவை மட்டும் ஆராய்ந்தபோது வாசிப்பில் 106 நாள், கணிதத்தில் 118 நாள் என்று வந்தது. 2023-இல் வெளியான மூன்றாவது தேசிய ஆய்வில் வாசிப்பில் 58 நாள், கணிதத்தில் 124 நாள். நாள் கணக்காக மாற்றும் முறையைப் பற்றி ஆய்வாளர்களிடையே விமரிசனம் உண்டு. ஆனால் மூன்று முறையும் திசை மாறவில்லை. இண்டியானாவில் ஃபிட்ஸ்பாட்ரிக், பெரெண்ட்ஸ் முதலியோர் 2020-இல் வெளியிட்ட, நேரடிப் பள்ளியிலிருந்து இணையவழி சார்ட்டருக்கு மாறியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வும் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் இழப்பையே கண்டது.

இந்த ஒப்பீட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பதிவேட்டில் இருக்கும் பண்புகளை மட்டுமே இணைவைக்க முடியும். உங்கள் மகளின் தலைவலி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. துன்புறுத்தப்பட்டு மனமுடைந்து வந்த மாணவரையும், அதே மதிப்பெண்ணோடு மகிழ்ச்சியாக நேரடிப் பள்ளியில் தொடரும் மாணவரையும் இந்த முறை இரட்டையர் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே இழப்பின் ஒரு பகுதி பள்ளி மாறுவதற்குக் காரணமான துன்பத்தின் விளைவாக இருக்கலாம். ஆனால் ஓராண்டுக் கணிதம் அளவுக்கு அதை நீட்டிக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

காரணம் தேடுவோருக்கு, 2015 ஆய்வோடு சேர்த்து மேத்தமாட்டிகா என்னும் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை உதவும். சராசரி இணையவழி சார்ட்டர் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஒரு வாரம் முழுவதும் கிடைக்கும் நேரலைக் கற்பித்தல், நேரடிப் பள்ளி மாணவருக்கு ஒரே நாளில் கிடைப்பதைவிடக் குறைவு. பள்ளி முதல்வர்களே தங்கள் முதன்மைச் சவாலாக மாணவரின் ஈடுபாட்டைத்தான் குறிப்பிட்டார்கள். நெய்தல் எழுதியதைப் படித்தபோது அந்த அறிக்கைதான் நினைவுக்கு வந்தது. மாணவர் பின்னணி தொடக்கப் புள்ளியைத் தீர்மானிக்கிறது. அங்கிருந்து எவ்வளவு தூரம் போகிறார் என்பதைக் கற்பித்தல் நேரமும் கண்காணிப்பும் தீர்மானிக்கின்றன. பள்ளி அலுவலர் உங்களிடம் முதற்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

செங்காந்தள் (ஒர்லாண்டோ) எழுதியது:

இணையவழி என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு அமைப்புகளை அடைத்துப் பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது. எங்கள் மாநிலத்தின் ஃபுளோரிடா வெர்ச்சுவல் ஸ்கூல் 1997-இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான முதல் இணையவழிப் பொது உயர்நிலைப் பள்ளி அதுவே. அங்கே படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் ஊர்ப் பள்ளியில் தொடர்ந்துகொண்டே ஒன்றிரண்டு பாடங்களை மட்டும் இணையத்தில் எடுப்பவர்கள். தங்கள் பள்ளியில் கற்பிக்கப்படாத உயர்நிலைப் பாடம் வேண்டும் என்பவரும், கோடையில் ஒரு பாடத்தை முடித்துவிட நினைப்பவரும், தோற்ற பாடத்தை மீண்டும் எழுத வேண்டியவரும் அவர்களுள் அடக்கம்.

மாத்யூ சிங்கோஸ், கிடோ ஷ்வெர்ட் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே இயற்கணிதமும் ஆங்கிலமும் எடுத்த மாணவர்கள் மாநிலத் தேர்வில் நேரடி வகுப்பு மாணவர்களுக்கு இணையாக, சில இடங்களில் சற்று மேலாகவே இருந்தார்கள். இந்தப் பள்ளிக்கு வரும் நிதி மாணவர் இருக்கையில் அமர்ந்த நாள்களைப் பொறுத்தது அன்று. பாடத்தை வெற்றிகரமாக முடித்தால்தான் மாநிலம் பணம் தருகிறது. சேர்க்கையின்போதே பணம் வந்துவிடும் அமைப்பில், மாணவர் தொடர்ந்து படிக்கிறாரா என்று தேடிப் போவதற்குப் பள்ளிக்கு இருக்கும் உந்துதல் குறைவு. மாறன் காட்டிய இழப்புகள் முழுநேர சார்ட்டர் பள்ளிகளுக்கு உரியவை என்பதையும், பகுதிநேர இணையப் பாடங்களுக்கு அவற்றைப் பொருத்தக் கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன்.

மாறன் எழுதியது:

முழுமையாக ஏற்கிறேன். ஒரு சிறு சேர்க்கை: பகுதிநேரமாக எடுப்பவருக்கு ஊர்ப் பள்ளியின் கவுன்சலர், நண்பர்கள், கால அட்டவணை எல்லாம் கூடவே இருக்கின்றன. இணையப் பாடத்தில் வென்றது இணையம் மட்டும் அன்று என்பதையும் மறக்கலாகாது.

தணிகை எழுதியது:

இவ்வளவு நேரம் சராசரிகளைப் பற்றிப் பேசியாயிற்று. நான் ஒரு தந்தையாகப் பேச வேண்டும். என் மகன் நேரடிப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் பேச்சையே நிறுத்திவிட்டான். காலையில் பேருந்து வரும் நேரம் நெருங்கினால் உடல் நடுங்கும். அவனை முழுநேர இணையவழிப் பள்ளியில் சேர்த்தோம். அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அதன் தேர்ச்சி விகிதம் அல்லி பார்த்ததைப் போலவே தாழ்ந்ததுதான். அவன் அங்கே நான்கு ஆண்டுகளும் படித்து, உரிய காலத்தில் முடித்து, இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். கணிதத்தில் நாள் கணக்கு இழப்பு என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போது, நேரடிப் பள்ளியிலேயே அவன் தொடர்ந்திருந்தால் எத்தனை நாள் வகுப்பில் இருந்திருப்பான் என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் ஒப்பீடு நன்றாக நேரடிப் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளையோடு. எங்களுக்கு முன்னால் இருந்த மாற்றோ பள்ளிக்கே போகாமல் இருப்பது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மனைவி தன் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு முதல் ஓராண்டு முழுவதும் அவன் பக்கத்து அறையில் இருந்தார். காலை எட்டரை மணிக்கு மேசையில் உட்கார வேண்டும், மதியம் வரை கைப்பேசி கிடையாது, அன்றைய பாடம் அன்றே முடிய வேண்டும் என்ற ஒழுங்கை உருவாக்கியவர் அவரே. அந்த வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை.

நெய்தல் எழுதியது:

தணிகை ஐயா எழுதிய கடைசிப் பத்தியைத்தான் நான் பெற்றோர் கூட்டங்களில் எப்படிச் சொல்வது என்று தவிப்பேன். எங்கள் பள்ளியில் வீட்டில் மாணவரைக் கவனிக்கும் பெரியவரைக் கற்றல் பயிற்றுநர் என்று அழைக்கிறோம். சேர்க்கைப் படிவத்திலேயே அதற்கென ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பெயர் எழுதப்படுகிறது; ஆனால் அந்தப் பெயருக்குரியவர் பகல் முழுவதும் கிடங்கிலோ மருத்துவமனையிலோ வேலையில் இருப்பார். வறுமை கல்வியைத் தாக்குவது இந்த வழியாகத்தான் என்று நான் கருதுகிறேன். ஏழைப் பிள்ளைக்குப் படிக்க இயலாது என்பது காரணம் அன்று. நேரடிப் பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகத் தரும் பெரியவரின் இருப்பை, இணையவழிப் பள்ளி வீட்டின் பொறுப்பாக மாற்றிவிடுகிறது. வசதியுள்ள வீடு அதைத் தந்துவிடுகிறது. மற்ற வீடுகளால் முடிவதில்லை. பின்னணி வேறுபாட்டை இந்த அமைப்பு உள்ளே கொண்டுவருவதோடு நிற்காமல் பெரிதாக்கியும் விடுகிறது.

மாறன் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. எந்த மாற்றோடு ஒப்பிடுகிறோம் என்பதே எல்லாம். பள்ளிக்கே போக முடியாத பிள்ளைக்கு 2015 ஆய்வின் எண்ணைக் காட்டி வழியடைப்பது தவறு. ஆனால் இந்த விவாதத்தில் பள்ளிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் உங்கள் மகனைப் போன்றோரின் கதையை முன்னிறுத்தி, கிரெடிட் குறைந்து நடுவில் வந்து, எவரும் தேடாமல் காணாமற்போகும் பெருந்தொகையான மாணவர்களை மறைத்துவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். இரு சாராருக்கும் ஒரே பள்ளி, ஒரே பாடத்திட்டம், ஒரே அளவு நேரலை என்று வைத்திருப்பதுதான் கோளாறு என்று நினைக்கிறேன்.

அல்லி அவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. மாநிலத் தளத்தில் எல்லா மாணவர்களும் என்ற வரிசையோடு நின்றுவிடாதீர்கள். தேர்ச்சி விகிதத்துக்குக் கீழே முன்னேற்ற மதிப்பீடு தனியாக இருக்கிறது. மாணவர் எந்த நிலையில் வந்தாரோ அங்கிருந்து எதிர்பார்த்த அளவு உயர்ந்தாரா என்பதை அது காட்டும். தேர்ச்சி தாழ்ந்தும் முன்னேற்றம் நன்றாகவும் இருந்தால் பள்ளி அலுவலரின் விளக்கம் நிற்கிறது. இரண்டும் தாழ்ந்திருந்தால் நிற்காது. ஆசிய மாணவர்களின் எண்ணிக்கை இத்தகைய பள்ளிகளில் பெரும்பாலும் சிறியது என்பதால், அந்த உட்பிரிவின் முடிவு தனியுரிமைக்காக வெளியிடப்படாமல் இருக்கக்கூடும்; அதைப் பார்த்து நல்லது என்றோ கெட்டது என்றோ எதையும் ஊகிக்க வேண்டாம். தேர்வில் கலந்துகொண்டோரின் பங்கையும் பாருங்கள். கூட்டாட்சிச் சட்டம் 95 விழுக்காட்டினர் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இணையவழி மாணவர்களும் கீஸ்டோன் தேர்வை நேரில் ஒரு மையத்துக்குச் சென்றுதான் எழுத வேண்டும். தொலைவு காரணமாக வராதவர்கள் மிகுந்தால், வெளியான விகிதமே முழுப் பள்ளியைக் காட்டாது.

அல்லி எழுதியது:

நேற்று முன்னேற்ற மதிப்பீட்டைப் பார்த்தேன். நான் எண்ணியிருந்த பள்ளியில் ஆங்கில இலக்கியத்தில் எதிர்பார்த்த அளவு இருக்கிறது, இயற்கணிதத்தில் இல்லை. மகளுக்கு ஏற்கெனவே கணிதத்தில்தான் தயக்கம். எங்கள் இருவருக்கும் அலுவலக வேலை. வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே ஒருவர் வீட்டில் இருக்க முடியும். ஆகவே தணிகை ஐயாவின் வீட்டில் நடந்தது எங்கள் வீட்டில் நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எங்கள் பள்ளி மாவட்டமே (ஊர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஓர் இணையவழித் திட்டம் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் சைபர் சார்ட்டரும் ஒன்றா?

கொலம்பஸ்வாசி எழுதியது:

ஒன்றல்ல. மாவட்டம் நடத்தும் திட்டத்தில் மாணவர் அந்த மாவட்டத்தின் மாணவராகவே தொடர்கிறார். அவருடைய தேர்வு முடிவும் நிறைவும் ஊர்ப் பள்ளியின் கணக்கிலேயே வருகின்றன. அதனால்தான் அத்தகைய திட்டங்களின் தரத்தைத் தனியாகக் காட்டும் எண்களை நீங்கள் மாநிலத் தளத்தில் எளிதில் காண முடியாது. பாடங்களை மாவட்டத்தின் சொந்த ஆசிரியர்கள் நடத்துகிறார்களா, வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கப்பட்ட பாடங்களா என்று கேளுங்கள். ஆண்டின் நடுவில் நேரடி வகுப்புக்குத் திரும்புவது அங்கே எளிது. கிரெடிட் மாற்றத்தில் இழப்பு வராது.

நெய்தல் எழுதியது:

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, அல்லி. 1973 ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவின்கீழ், நீடித்த உடல்நலக் குறை அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் மாணவருக்குப் பொதுப் பள்ளி தக்க ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும். கடுமையான ஒற்றைத் தலைவலி அதில் அடங்கக்கூடும். நரம்பியல் மருத்துவரின் கடிதத்தோடு மாவட்டத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, காலை தாமதமாக வரும் அட்டவணையையும், முதல் இரண்டு பாடவேளைகளுக்குரிய பாடங்களை மட்டும் மாவட்டத்தின் இணையத் திட்டத்தில் எடுப்பதற்கான ஏற்பாட்டையும் கேளுங்கள். இணையத்துக்கு மாற்றும் பாடங்களில் கணிதம் இருக்க வேண்டாம்; அது பகலில், ஆசிரியர் எதிரில் இருக்கும் வகுப்பாக அமையட்டும். கூட்டத்துக்குப் போகும்போது கடந்த ஆண்டின் வருகைப் பதிவையும், எந்தப் பாடவேளைகள் எத்தனை முறை தவறின என்ற பட்டியலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஆகஸ்டு வரை காத்திருந்தால் அட்டவணை முடிவாகிவிடும். கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.